எல்லை தாண்டி வரும் ஓசோன்: அமெரிக்காவின் ‘நல்ல அண்டை’ விதி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனெக்டிகட் மாநிலத்தின் கடற்கரை ஊர்களில் கோடை நாளில் அளவாகும் ஓசோனில் பெரும்பகுதி அந்த மாநிலத்தில் உண்டானதல்ல. காற்றோடு தென்மேற்கிலிருந்து வந்து சேர்கிறது. வந்ததைத் தடுக்கும் அதிகாரம் கனெக்டிகட்டுக்கு இல்லை. அனுப்பியவரைக் கட்டுப்படுத்தச் சட்டம் இருக்கிறது. ஆனால் அது ஒவ்வொரு முறையும் தாமதமாகத்தான் கைக்கு வருகிறது. அந்தச் சட்டத்தையும் அது இடறும் இடங்களையும் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே விடை சொல்கிறோம். மாசு கிளம்பும் மாநிலத்தை ‘அனுப்பும் மாநிலம்’ என்றும், வந்து சேரும் மாநிலத்தை ‘வாங்கும் மாநிலம்’ என்றும் குறிப்பிடுகிறோம்.

இது டெல்லியில் குளிர்காலத்தில் வரும் புகைமூட்டம் போன்றதா?

இல்லை. டெல்லியில் முதல் எதிரி நுண்துகள். இங்கே பேசுவது தரைமட்ட ஓசோன் பற்றி. இது கோடைக்குரியது, வெயில் இல்லாமல் உண்டாகாது. எந்தப் புகைபோக்கியிலிருந்தும் ஓசோன் நேராக வெளிவருவதில்லை. அனல்மின் நிலையம், லாரி, சிமென்ட் சூளை, எரிவாயுக் குழாய்ப் பாதையின் அமுக்கி இன்ஜின் ஆகியவை நைட்ரஜன் ஆக்சைடுகளை விடுகின்றன. பெட்ரோல் ஆவி, பெயின்ட், கரைப்பான்கள் ஆகியவற்றிலிருந்து ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் வருகின்றன. இரண்டும் வெயிலில் சேர்ந்தால் ஓசோன்.

கிழக்கு அமெரிக்காவில் கரிமச் சேர்மங்களைக் காடுகளே ஏராளமாகத் தருகின்றன. ஓக் மரங்கள் வெப்ப நாளில் ஐசோபிரீன் என்ற ஆவியை வெளியிடும். மரத்துக்கு உரிமம் ரத்து செய்ய முடியாது. அதனால் எல்லை தாண்டும் ஓசோனைக் குறைக்க நைட்ரஜன் ஆக்சைடைப் பிடிப்பதே முதன்மை வழி. கீழே ‘நாக்ஸ்’ என்று சொல்வது அதைத்தான். அந்தத் துறையில் வேலை செய்பவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

மாலையில் வெயில் போனால் ஓசோனும் போய்விடாதா? எப்படி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணிக்கிறது?

தரையை ஒட்டிய ஓசோன் இரவில் குறையும். மண்ணும் இலையும் அதை உறிஞ்சும், வண்டிப் புகையில் வரும் நைட்ரிக் ஆக்சைடும் அதைத் தின்னும். ஆனால் பகலில் சில நூறு மீட்டர் உயரத்துக்கு ஏறிய ஓசோனை இவை தொடுவதில்லை. இரவில் தரை குளிர்ந்து, கனமான குளிர்காற்று கீழே படிந்துவிடும். அதற்கு மேலிருக்கும் அடுக்கு தரையோடு தொடர்பு அறுந்து வழுக்கிக்கொண்டு போகும். அந்த உயரத்தில் இரவுக் காற்று தரைக்காற்றைவிட வேகமானது. மறுநாள் காலை பத்து மணிவாக்கில் வெயில் ஏறி மேலும் கீழும் கலக்கும்போது, நேற்று ஒஹாயோ பள்ளத்தாக்கில் உண்டான ஓசோன் இன்று பென்சில்வேனியாவையோ நியூ ஜெர்சியையோ தாண்டிய இடத்தில் தரைக்கு இறங்கும். அன்றைய உள்ளூர் உற்பத்தி அதன் மேல் ஏறும்.

நகரத்தின் நடுவைவிடக் காற்று போகும் பக்கத்துப் புறநகரில் ஓசோன் கூடுதலாக இருப்பதும் இதே வேதியியலால்தான். விஸ்கான்சின் மாநிலத்தின் ஷிபாய்கனில் ஏரியோரப் பூங்கா ஒன்றில் அளவீட்டு நிலையம் இருக்கிறது. பக்கத்தில் பெருநகரம் எதுவும் இல்லை. சிகாகோ பக்கத்து மாசு மிச்சிகன் ஏரியின் குளிர்ந்த நீர்ப்பரப்பின் மேல் நீர்த்துப்போகாமல் தங்கி, வெயிலில் வெந்து, பிற்பகல் ஏரிக்காற்றோடு அங்கே கரையேறுகிறது.

உயரமான புகைபோக்கிகளுக்கும் இதில் பங்குண்டு. 1970-களில் பக்கத்து ஊரின் காற்றைக் காப்பாற்ற என்று புகைபோக்கியை உயர்த்தினார்கள். பக்கத்து ஊர் தப்பியது, அடுத்த மாநிலம் மாட்டியது. புகைபோக்கியை உயர்த்துவதையே மாசுக் கட்டுப்பாடாகக் கணக்குக் காட்டக் கூடாது என்று 1977-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனாலும் 2010 இறுதியில் 500 அடிக்கு மேற்பட்ட புகைபோக்கிகள் நிலக்கரி மின் நிலையங்களில் 284 இருந்தன.

70 பிபிபி என்ற வரம்பை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

பிபிபி என்றால் நூறு கோடியில் ஒரு பங்கு. தரம் 1997-இல் 80, 2008-இல் 75, 2015-இல் 70 என்று இறுகி வந்தது. ஒரு நாள் 70-ஐத் தாண்டியதும் மீறல் ஆகிவிடாது. ஒவ்வொரு நாளும் எட்டு மணி நேரச் சராசரியின் உச்சத்தை எடுப்பார்கள். ஆண்டில் நான்காவது பெரிய உச்சத்தைக் குறித்துக்கொள்வார்கள். மூன்று ஆண்டுகளின் அந்த எண்களைச் சராசரி செய்து, பின்னத்தை வெட்டிவிடுவார்கள்.

ஓர் அளவீட்டு நிலையத்தில் மூன்று ஆண்டுகளின் நான்காவது உச்சம் 72, 71, 69 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 70.67. பின்னம் போனால் 70, தேறிவிட்டது. 74, 71, 69 என்றால் 71.33. பின்னம் போனாலும் 71, தேறவில்லை. மூன்று ஆண்டுகளில் ஒரே ஓர் எண்ணில் 2 பிபிபி கூடினால் ஒரு மாவட்டத்தின் சட்ட நிலையே மாறிவிடுகிறது. அனுப்பும் மாநிலங்கள் ஒவ்வொன்றும் ‘எங்கள் பங்கு 1 அல்லது 2 பிபிபிதானே’ என்று சொல்லும்போது இந்தக் கணக்கை நினைவில் வைக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தூய காற்றுச் சட்டத்தின் 110-ஆம் பிரிவில் வரும் உட்கூறு ஒன்றை ‘நல்ல அண்டை’ விதி என்பார்கள். ஒரு மாநிலத்திலிருந்து கிளம்பும் மாசு இன்னொரு மாநிலம் தரத்தை எட்டுவதைத் தடுப்பதில் குறிப்பிடத்தக்க பங்கு வகிக்கக் கூடாது, எட்டிய தரத்தைக் காப்பாற்றுவதற்கும் இடையூறாக இருக்கக் கூடாது. அதைத் தடுக்கும் ஏற்பாடு ஒவ்வொரு மாநிலத்தின் செயல்திட்டத்திலும் இருக்க வேண்டும். இவ்வளவுதான் விதி. ‘குறிப்பிடத்தக்க’ என்ற ஒரு சொல்லுக்கு எவ்வளவு என்று சட்டத்தில் இல்லை. 25 ஆண்டு வழக்குகள் அந்தச் சொல்லைச் சுற்றியே நடந்தன.

காலக்கெடு இப்படி ஓடும். புதிய தரம் வந்து 3 ஆண்டுக்குள் மாநிலம் திட்டம் தர வேண்டும். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை (இனி ‘முகமை’) அது முழுமையானதா என்று பார்க்க 6 மாதம் வரை எடுத்துக்கொள்ளலாம், முடிவெடுக்க அதன்பின் 12 மாதம். திட்டம் வராவிட்டாலோ, வந்ததை நிராகரித்தாலோ, 2 ஆண்டுக்குள் கூட்டாட்சித் திட்டத்தை முகமையே போட வேண்டும். எல்லாம் நேரத்துக்கு நடந்தால்கூட ஆறரை ஆண்டு. வாங்கும் மாநிலத்தின் கெடுவோ அதற்கு முன்பே வந்துவிடுகிறது. 2015 தரத்தில் மிக லேசான மீறல் வகையில் இருந்த பகுதிகளுக்குக் கெடு 2021 ஆகஸ்ட் 3, அடுத்த வகைக்கு 2024 ஆகஸ்ட் 3. அனுப்பியவர் திருந்துவதற்கு முன்பே வாங்கியவர் தேர்வில் தோற்றுவிடும்படி கெடுக்கள் அமைந்திருக்கின்றன. இந்தச் சட்டத்தின் மிகப் பெரிய குறை இதுதான் என்பது எங்கள் கருத்து.

எந்த மாநிலம் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

நான்கு படிகள். முதலில், வரும் ஆண்டுகளில் எந்த அளவீட்டு நிலையங்கள் தரத்தை மீறும் அல்லது நூலிழையில் நிற்கும் என்று கணினி மாதிரியால் கணிப்பார்கள். 12 கிலோமீட்டர் கட்டங்களாக நாட்டைப் பிரித்து, ஒவ்வொரு மாநிலத்தின் நாக்ஸுக்கும் தனி அடையாளம் போட்டு, அது எங்கே எவ்வளவு ஓசோனாக மாறுகிறது என்று பின்தொடரும் முறை அது. இரண்டாவது படியில், அப்படிப்பட்ட நிலையம் ஒன்றிலாவது தரத்தின் 1 சதவீதத்துக்குக் குறையாமல் பங்களிக்கும் மாநிலத்தை அந்த நிலையத்தோடு ‘இணைப்பார்கள்’. 70 பிபிபி தரத்துக்கு அது 0.70 பிபிபி. மூன்றாவது, இணைக்கப்பட்ட மாநிலங்களில் ஒரு டன் நாக்ஸைக் குறைக்க இத்தனை டாலர் வரை செலவாகும் எல்லா வழிகளையும் கணக்கெடுத்து, அந்தச் செலவு வரம்புக்குள் குறைக்கக்கூடியதை எல்லாரும் குறைக்க வேண்டும் என்று வைப்பார்கள். நான்காவது படி அமலாக்கம்.

மூன்றாவது படியில்தான் பெரிய சண்டை. ஒவ்வொரு மாநிலமும் தன் பங்குக்குத் தகுந்தாற்போல் விகிதப்படி குறைக்க வேண்டும், செலவை அளவுகோலாக்கக் கூடாது என்று கீழ் நீதிமன்றம் 2012-இல் சொன்னது. 2014 ஏப்ரல் 29-இல் உச்ச நீதிமன்றம் 6-க்கு 2 என்று அதை மாற்றியது. தீர்ப்பை எழுதியவர் ரூத் பேடர் கின்ஸ்பர்க். ஒரு மாநிலம் பல மாநிலங்களுக்கு அனுப்புகிறது, ஒரு மாநிலம் பல மாநிலங்களிலிருந்து வாங்குகிறது. இந்தப் பின்னலில் தூய விகிதக் கணக்கு நடைமுறையில் நிற்காது. விகிதப்படி போனால், ஏற்கெனவே கருவி போட்டுச் சுத்தமான மாநிலமும் ஒன்றுமே செய்யாத மாநிலமும் ஒரே சுமையைத் தூக்க நேரிடும். அதே தீர்ப்பு ஓர் எல்லையும் போட்டது: இணைந்திருக்கும் எல்லா இடங்களும் தரத்தை எட்டிய பிறகும் குறைக்கச் சொல்லக் கூடாது, 1 சதவீதத்துக்குக் கீழே போகும்படியும் கட்டாயப்படுத்தக் கூடாது.

மின் நிலையங்களுக்கான செலவு வரம்பு 2011-இல் டன்னுக்கு 500 டாலர், 2016-இல் 1,400, 2021-இல் 1,800, 2023-இல் 11,000. கடைசித் தாவலுக்குக் காரணம் உண்டு. முதல் மூன்றும் இருக்கிற கருவியை ஓட்டவும் சிறு மாற்றங்கள் செய்யவும் போதுமானவை. கருவியே இல்லாத கொதிகலனுக்குப் புதிதாகப் பொருத்தும் செலவு கடைசி வரம்பில்தான் வந்தது.

1 சதவீதம் மிகக் கடுமையான அளவு இல்லையா?

தனியாகப் பார்த்தால் சிறியது. ஆனால் ஒரு நிலையத்தில் சேரும் வெளி மாசு பல மாநிலங்களிலிருந்து சிறிது சிறிதாக வருவது. ஒவ்வொன்றும் 0.9 பிபிபி அனுப்பும் எட்டு மாநிலங்கள் சேர்ந்தால் 7 பிபிபிக்கு மேல் போய்விடும். அளவை 1 பிபிபி என்று தளர்த்தினால் அந்த எட்டும் ஒரே நேரத்தில் விடுபடும், வாங்கும் இடத்தில் ஒரு மூச்சுக்கும் மாற்றம் இராது.

இந்த வாதத்துக்கு ஒரு கசப்பான பின்கதை உண்டு. 1 பிபிபியையும் பயன்படுத்தலாம் என்று முகமையே 2018 ஆகஸ்டில் குறிப்பாணை விட்டது. பல மாநிலங்கள் அதை நம்பித் திட்டம் எழுதின. 2023 பிப்ரவரியில் 21 மாநிலங்களின் திட்டங்களை முகமை முழுதாகவோ பகுதியாகவோ நிராகரித்தது. குறிப்பாணை மட்டும் போதாது, அந்த மாநிலத்துக்கு ஏன் 1 பிபிபி பொருந்தும் என்ற தொழில்நுட்ப ஆதாரமும் வேண்டும் என்பது முகமையின் நிலைப்பாடு. மாநிலங்களுக்கு வந்த கோபம் நியாயமானதே. அந்தக் கோபம்தான் பின்னால் வழக்குகளாக வெடித்தது.

நாக்ஸைக் குறைக்க எந்தக் கருவி? அதில் என்ன பழுதாகும்?

மூன்று நிலைகள் உண்டு. சுடரின் வெப்பத்தையும் காற்றின் அளவையும் சீராக்கும் எரிப்பான்கள் முதல் நிலை. இரண்டாவது, 850 முதல் 1,100 டிகிரி செல்சியஸ் இருக்கும் இடத்தில் யூரியாவையோ அம்மோனியாவையோ தெளிப்பது. வினையூக்கி கிடையாது, 25 முதல் 50 சதவீதம் குறையும். மூன்றாவது எஸ்.சி.ஆர். எனப்படும் வினையூக்கி முறை. 300 முதல் 400 டிகிரி வரை வெப்பமுள்ள புகையில் அம்மோனியாவைக் கலந்து, வனேடியம், டைட்டானியம் ஆக்சைடுகளால் ஆன வினையூக்கி அடுக்குகளின் வழியே செலுத்தினால் நாக்ஸ் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாறும். நன்றாகப் பராமரித்தால் 80 முதல் 90 சதவீதம் போகும்.

500 மெகாவாட் நிலக்கரி அலகு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முழுச் சுமையில் மணிக்குச் சுமார் 500 கோடி பிடியு (பிரிட்டிஷ் வெப்ப அலகு) வெப்பம் எரிக்கும். பத்து லட்சம் பிடியுவுக்கு இத்தனை பவுண்டு என்பதுதான் அங்கே நாக்ஸை எண்ணும் வழக்கம். எஸ்.சி.ஆர். நிறுத்தப்பட்டு 0.30 பவுண்டு என்ற விகிதத்தில் ஓடினால் மணிக்கு 1,500 பவுண்டு, நாளுக்கு 18 டன் (2,000 பவுண்டு கொண்ட அமெரிக்க டன்). 0.08-இல் ஓட்டினால் நாளுக்கு 4.8 டன். புதிய எஸ்.சி.ஆர். எட்டக்கூடிய 0.05 என்றால் 3 டன். ஒரு டன் நாக்ஸை நீக்க ஏறத்தாழ 0.37 டன் அம்மோனியா வேண்டும். அந்த அம்மோனியா, வினையூக்கித் தேய்மானம், புகையைத் தள்ளும் விசிறிக்கான கூடுதல் மின்சாரம் ஆகியவைதான் கருவியை ஓட்டும் செலவு. அதாவது, கருவியை நிறுத்தினால் பணம் மிச்சம்.

பழுதுகள் பெரும்பாலும் குறைந்த சுமையில் தொடங்கும். மின் தேவை குறைந்த இரவில் அலகைத் தாழ்த்தி ஓட்டும்போது புகை குளிர்கிறது. 300 டிகிரிக்குக் கீழே அம்மோனியா கந்தக ஆக்சைடோடு சேர்ந்து அம்மோனியம் பைசல்ஃபேட் என்ற பிசினாகப் படியும். வினையூக்கியின் நுண்துளைகளை அடைக்கும், அடுத்திருக்கும் காற்று முன்சூடேற்றியையும் அடைக்கும். அதனால் வெப்பம் குறைந்தால் அம்மோனியாவை மூடுவது முறையான இயக்கமே. அந்த நியாயமான காரணம் ஓட்டையாகும்போதுதான் கேடு. பென்சில்வேனியாவின் விதி ஒன்று, புகை 600 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழிருந்தால் எஸ்.சி.ஆர். வரம்பு பொருந்தாது என்றது. வெப்பத்தைப் பதிவு செய்து அறிக்கை தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எப்போது வரம்பு பொருந்துகிறது என்பதையே வெளியார் சரிபார்க்க முடியாது. அந்த விதிக்கு முகமை கொடுத்த ஒப்புதலை 2020-இல் மூன்றாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளியது.

சாம்பல் அடைப்பு, ஆர்செனிக் படிந்து வினையூக்கி செயலிழப்பது, அம்மோனியா சீராகக் கலக்காமல் ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறைவது ஆகியவை மற்றவை. எல்லாமே பராமரிப்பில் தீரக்கூடியவை.

உமிழ்வுச் சீட்டு வணிகம் எப்படி நடக்கிறது?

மே 1 முதல் செப்டம்பர் 30 வரை 153 நாள் ஓசோன் பருவம். ஒவ்வொரு மாநிலத்துக்கும் அந்தப் பருவத்துக்கு இத்தனை டன் என்று ஒதுக்கீடு. ஒரு சீட்டு ஒரு டன். பருவம் முடிந்ததும் விட்ட ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு சீட்டை ஒப்படைக்க வேண்டும். மிஞ்சினால் விற்கலாம், சேமிக்கலாம். குறைந்தால், குறைந்த டன் ஒவ்வொன்றுக்கும் இரண்டு சீட்டு. ஒரு மாநிலம் மொத்தமாகத் தன் ஒதுக்கீட்டை 21 சதவீதத்துக்கு மேல் தாண்டினால், தாண்டியதற்குப் பொறுப்பான நிலையங்கள் டன்னுக்கு மேலும் இரண்டு என மூன்று சீட்டு தர வேண்டும். புகைபோக்கியில் தொடர் அளவீட்டுக் கருவி மணிக்கு மணி பதிவு செய்கிறது. அதனால் அளவில் ஏமாற்றுவது கடினம்.

இந்த முறை பலன் தந்தது. 2003-இல் தொடங்கிய முதல் பெரிய நாக்ஸ் வணிகத் திட்டத்தில் இருந்த நிலையங்களின் கோடை உமிழ்வு 2008-இல், 2000-ஆம் ஆண்டைவிட 60 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. அதை மறுத்துப் பேசுபவர்கள் கிழக்குக் கடற்கரையின் பழைய கோடைகளை மறந்துவிட்டார்கள்.

அப்படியானால் குறை எங்கே?

நிலக்கரி நிலையங்கள் மூடப்பட, சீட்டுகள் தேங்கி விலை சரிந்தது. அம்மோனியாவைவிடச் சீட்டு மலிவானால், பல கோடி டாலரில் கட்டிய எஸ்.சி.ஆர்.-ஐ அரைகுறையாக ஓட்டிவிட்டுச் சீட்டு வாங்கிக் கொடுப்பது சட்டப்படி சரி. பல நிலையங்கள் அதைச் செய்தன. கருவி பொருத்திய முதல் ஆண்டுகளில் காட்டிய விகிதத்தைவிடப் பின்னாளில் மோசமாக ஓடியதை அவர்களே தந்த மணிநேரத் தரவு காட்டுகிறது. இன்னொன்று, ஓசோன் 153 நாளின் சராசரியைப் பார்த்து உண்டாவதில்லை. நான்கைந்து கொளுத்தும் நாட்களே ஓர் ஆண்டின் கணக்கை முடிவு செய்கின்றன. பருவம் முழுவதும் ஒதுக்கீட்டுக்குள் இருந்துகொண்டே அந்த நாட்களில் உச்சமாக விடலாம்.

2023 திட்டம் இந்த ஓட்டைகளை அடைக்கவே எழுதப்பட்டது. எஸ்.சி.ஆர். உள்ள 100 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நிலக்கரி அலகுகளுக்குப் பருவ ஒதுக்கீட்டோடு அன்றாட விகிதமும் வந்தது: பத்து லட்சம் பிடியுவுக்கு 0.14 பவுண்டு. அதை மீறிய உமிழ்வு பருவத்தில் 50 டன்னைத் தாண்டினால், தாண்டிய டன்னுக்கு மூன்று சீட்டு. சேமித்த சீட்டுகளை ஆண்டுதோறும் மொத்த ஒதுக்கீட்டின் 21 சதவீதத்துக்குச் சுருக்குவது, மூடிய நிலையங்களுக்கு ஏற்ப ஒதுக்கீட்டைத் தானாகக் குறைப்பது ஆகியவையும் இருந்தன. மேலே பார்த்த 500 மெகாவாட் அலகுக்கு 0.14 என்றால் நாளுக்கு 8.4 டன், நிறுத்திவைத்தால் விடும் 18 டன்னில் பாதிக்கும் கீழ். பெரிய தியாகம் எதையும் அது கேட்கவில்லை. ஏற்கெனவே நிற்கும் கருவியை வெப்ப நாளில் ஓட்டு என்றது.

அந்தத் திட்டத்துக்கு என்ன ஆயிற்று?

2023 மார்ச்சில் இறுதியானபோது 23 மாநிலங்கள் அதில் இருந்தன. மின் நிலையங்களோடு சிமென்ட் சூளைகள், கண்ணாடி உலைகள், எஃகு ஆலைகள், காகித ஆலைக் கொதிகலன்கள், குப்பை எரிப்பான்கள், எரிவாயுக் குழாய்ப் பாதை இன்ஜின்கள் என்று பிற தொழில்களும் முதல்முறையாகப் பெரிய அளவில் சேர்க்கப்பட்டன. ஆனால் மாநிலத் திட்டங்களை நிராகரித்ததை எதிர்த்து வட்டார நீதிமன்றங்களில் வழக்குகள் குவிந்து, 12 மாநிலங்களுக்குத் தடை கிடைத்தது. 23-க்குப் போட்ட கணக்கு 11-க்குப் பொருந்துமா என்பதை முகமை போதிய அளவு விளக்கவில்லை என்று கூறி, 2024 ஜூன் 27-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று திட்டத்துக்கு இடைக்காலத் தடை கொடுத்தது. பெரும்பான்மைக்கு நீல் கோர்சச் எழுதினார், மறுப்புத் தீர்ப்பை ஏமி கோனி பேரட் எழுதினார். தீர்ப்புக்குப் பின் மற்ற மாநிலங்களிலும் திட்டம் நிறுத்தப்பட்டது. 2025 மார்ச்சில், புதிய நிர்வாகத்தின் கீழ் முகமை இந்தத் திட்டத்தையே மறுபரிசீலனை செய்வதாக அறிவித்தது. 2025 ஜூனில் வந்த இன்னொரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, ஒக்லஹோமா, யூட்டா திட்டங்களின் நிராகரிப்பை வாஷிங்டனில் அல்லாமல் அந்தந்த வட்டார நீதிமன்றத்திலேயே எதிர்க்கலாம் என்றது. ஒரே காற்றுக்கு ஊருக்கொரு தீர்ப்பு வரும் வாய்ப்பு இதனால் கூடியிருக்கிறது.

வாங்கும் மாநிலம் நேரடியாகப் புகார் செய்ய முடியாதா?

முடியும். 126-ஆம் பிரிவின்படி குறிப்பிட்ட நிலையத்தையோ நிலையங்களையோ பெயர் சொல்லி மனு கொடுக்கலாம். விசாரணை நடத்தி 60 நாளில் முடிவு சொல்ல வேண்டும், 6 மாதம் வரை நீட்டிக்கலாம். மனு ஏற்கப்பட்டால் அந்த நிலையம் 3 மாதத்துக்கு மேல் ஓடக் கூடாது. படிப்படியாகக் குறைக்க முகமை அட்டவணை கொடுத்தால் அதிகபட்சம் 3 ஆண்டு.

வென்ற மனு எப்படி இருந்தது என்று பார்ப்பது பயன்தரும். டெலவேர் ஆற்றின் பென்சில்வேனியக் கரையில் போர்ட்லாந்து அனல்மின் நிலையம் இருந்தது. அதன் கந்தக டை ஆக்சைடு அக்கரையிலிருந்த நியூ ஜெர்சி ஊர்களில் விழுந்தது. 2010-இல் நியூ ஜெர்சி மனு கொடுத்தது, 2011-இல் முகமை ஏற்றது, 3 ஆண்டில் 81 சதவீதம் குறைக்கச் சொன்னது. 2013-இல் நீதிமன்றமும் உறுதி செய்தது. ஒரே நிலையம், ஒரே வாயு, ஆற்றின் அகலமே தொலைவு. மாசு எங்கிருந்து வந்தது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

ஓசோனில் அந்தத் தெளிவு கிடைப்பதில்லை. 2016-இல் மேரிலாந்து ஐந்து மாநிலங்களின் 36 மின் அலகுகளைப் பெயர் சொல்லி, இருக்கிற கருவியைக் கோடையில் தினமும் ஓட்டச் சொல்லுங்கள் என்று மட்டுமே கேட்டது. முகமை 2018-இல் மறுத்தது. 2020-இல் நீதிமன்றம் மறுப்பின் பெரும்பகுதியை நிலைநிறுத்தி, ஒரு பகுதியை மட்டும் திருப்பி அனுப்பியது. மனு எழுதுபவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: நிலையம் மாசு விடுகிறது என்று காட்டினால் போதாது. உங்கள் அளவீட்டு நிலையம் கெடு ஆண்டிலும் தரத்தை மீறும் என்ற கணிப்பு, அந்தக் குறிப்பிட்ட அலகுகளின் பங்கு எத்தனை பிபிபி என்ற மாதிரிக் கணக்கு, கேட்கும் தீர்வின் டன் வாரியான செலவு மூன்றும் மனுவிலேயே இருக்க வேண்டும்.

தாமதமானால் வாங்கும் மாநிலத்துக்கு என்ன நட்டம்?

மூச்சுதான் முதல் நட்டம். ஆஸ்துமா உள்ள குழந்தைகள், வெளியில் உழைப்பவர்கள், நுரையீரல் நோயுள்ள முதியவர்கள் அந்த நாட்களில் மருத்துவமனைக்குப் போகிறார்கள்.

சட்ட நட்டமும் உண்டு. கெடுவுக்குள் எட்டாத பகுதி அடுத்த கடும் வகைக்குத் தள்ளப்படும். பெரிய தொழிற்சாலை என்பதன் வரம்பு ஆண்டுக்கு 100 டன்னிலிருந்து 50, 25 என்று இறங்கும். புதிதாக ஒரு டன் விட வேண்டுமானால் வேறெங்கோ 1.15, 1.2, 1.3 டன் குறைக்க வேண்டும். நியூயார்க் பெருநகரப் பகுதி பழைய 75 பிபிபி தரத்துக்கே 2019-இல் ஒரு படியும் 2022-இல் இன்னொரு படியும் மேலே தள்ளப்பட்டது. அதில் தென்மேற்குக் கனெக்டிகட்டும் அடக்கம். அனுப்பியவரின் செலவைச் சிறு அச்சகக்காரரும் பெயின்ட் பட்டறைக்காரரும் இங்கே கட்டுகிறார்கள்.

வாங்கும் மாநிலங்கள் மேல் தவறே இல்லையா?

உண்டு. உச்ச மின் தேவை உள்ள மாலைகளில் மட்டும் ஓடும் பழைய டர்பைன்கள் நியூயார்க், நியூ ஜெர்சி, கனெக்டிகட்டில் பல ஆண்டுகள் கட்டுப்பாடின்றி இருந்தன. மிகச் சூடான நாளில்தான் அவை ஓடும், அந்த நாளில்தான் ஓசோனும் ஏறும். நியூயார்க் 2019 இறுதியில் விதி கொண்டுவந்து 2023, 2025 என்று இரண்டு கட்டமாக இறுக்கியது. வண்டிகளின் பங்கும் பெரிது. ஆனால் வண்டிப் புகைத் தரம் கூட்டாட்சி அரசின் கையில், கலிஃபோர்னியாவுக்கு மட்டும் தனி விலக்கு கேட்கும் உரிமை உண்டு.

காட்டுத்தீப் புகையும் கணக்கில் சேருமா?

2023 கோடையில் கனடாக் காட்டுத்தீ வடகிழக்கு மாநிலங்களின் ஓசோனையும் ஏற்றியது. இப்படிப்பட்ட நாட்களை ‘அசாதாரண நிகழ்வு’ என்று விலக்கக் கேட்கலாம். தீயின் இடம், காற்றின் பாதை, அதே வெப்பமுள்ள தீயில்லா நாட்களோடு ஒப்பீடு ஆகியவற்றை நாள்வாரியாக நிரூபிக்க வேண்டும். நான்காவது உச்சத்தைப் பாதிக்காத நாளுக்கு இந்த உழைப்பு வீண். எந்த நாளை நீக்கினால் மூன்றாண்டுச் சராசரி மாறும் என்று முதலில் கணக்குப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

இந்தியாவில் இப்படி ஒன்று இருக்கிறதா?

அண்டை மாநிலத்தின் மீது மனு கொடுக்கும் இதே வடிவ விதி இல்லை. டெல்லிக்கும் சுற்றியுள்ள பகுதிகளுக்கும் 2021 சட்டப்படி காற்றுத் தர மேலாண்மை ஆணையம் இருக்கிறது. பஞ்சாப், அரியானா, ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகியவற்றின் மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களுக்கும் மேலாக அதன் உத்தரவு செல்லும். ஒரே ஆணையம் என்பதால் விரைவு கூடும். ஆனால் எந்த மாநிலம் எத்தனை டன் என்று எண்ணில் எழுதிய ஒதுக்கீடு அங்கே இல்லை.

ஒரு மின் நிலையம் கருவியை ஓட்டுகிறதா என்று நானே பார்க்கலாமா?

பார்க்கலாம், கட்டணம் இல்லை. முகமையின் ‘கிளீன் ஏர் மார்க்கெட்ஸ்’ தரவுத் தளத்தில் மாநிலம், நிலையம், அலகு என்று தேர்ந்தெடுங்கள். அலகின் விவரப் பக்கத்தில் எஸ்.சி.ஆர். பொருத்திய ஆண்டு இருக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மணிநேரத் தரவை இறக்கி, மின்சுமை, வெப்ப உள்ளீடு, நாக்ஸ் விகிதம் மூன்று நெடுவரிசைகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அலகைக் கிளப்பும், நிறுத்தும் மணிகளையும் பாதிச் சுமைக்குக் கீழான மணிகளையும் நீக்கிவிடுங்கள். அப்போது வெப்பம் குறைவு என்ற சமாதானத்துக்கு இடமிராது. மீதி மணிகளின் சராசரியைக் கருவி பொருத்திய பின் வந்த சிறந்த கோடையின் சராசரியோடு ஒப்பிடுங்கள். அன்று 0.06, இன்று 0.20 என்றால் கருவி கெட்டிருக்கிறது அல்லது ஓட்டப்படவில்லை. பல நாட்கள் சீராக ஒரே மட்டத்தில் உயர்ந்திருந்தால் அம்மோனியாவைக் குறைத்திருக்கிறார்கள் என்று கருதலாம். மாதக்கணக்கில் மெல்ல ஏறினால் வினையூக்கி தேய்கிறது.

ஒரே ஓர் எச்சரிக்கை. புகைபோக்கியின் அளவீட்டுக் கருவி பழுதான மணிகளுக்கு விதிப்படி மாற்று எண் நிரப்புவார்கள், அது வேண்டுமென்றே உயர்த்தி வைக்கப்படும். அந்த மணிகளுக்குத் தனிக் குறியீடு இருக்கும். அதை நீக்காமல் எழுதிய கருத்துரையை முகமை முதல் பத்தியிலேயே தள்ளிவிடும்.